முன்னால் நிற்பவள்

டயரிலிருந்து காற்றை இறக்கும்போது வரும் சத்தம் எனக்குப் பிடிக்கும். நாலு டயருக்கும் ஒரே சத்தம்தான் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படிக் கேட்பதில்லை. பின் இடது டயர் மட்டும் சற்றுத் தாழ்ந்த குரலில் பெருமூச்சு விடும். ஜீப்பைப் பாறைமேல் ஏற்றுவதுதான் எங்கள் விடுமுறைப் பொழுதுபோக்கு; ஏறுவதற்கு முன்னால் டயர் கொஞ்சம் தொளதொளவென்று இருக்க வேண்டும். அப்போதுதான் கல்லை நசுங்கிப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சனிக்கிழமை காலை பின் டயரின் பக்கத்தில் குந்தி, வால்வை அழுத்திக்கொண்டு அந்தப் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கணவன் முன் டயரில் அதையே செய்துகொண்டிருந்தான். எங்களுக்கு நடுவே ஒரு ஜீப்பின் நீளம். இரண்டு வாரமாக வீட்டிலும் ஏறக்குறைய அந்த அளவு இடைவெளிதான்.

சண்டை எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வேறொரு ஊரில், ஓர் ஆஸ்பத்திரியில், காது பரிசோதனைப் பிரிவு ஒன்றைப் புதிதாகத் தொடங்குகிறார்கள். ஒன்றரை வருஷம் அங்கே தங்கி அதை நிலைநிறுத்தித் தர முடியுமா என்று என்னைக் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அவனால் கூட வர முடியாது. அவனுக்கு லிப்ட் பராமரிப்பு வேலை; ஊரில் பாதிக் கட்டடங்களின் லிப்டுகள் அவன் பொறுப்பில் இருக்கின்றன. "போகட்டுமா?" என்று கேட்டேன். "உன் இஷ்டம்மா" என்றான். சாப்பிடும்போது கேட்டேன், துணி மடிக்கும்போது கேட்டேன், கோபமாகக்கூடக் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு சொல்.

என் வேலை, கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, வெளியிலிருந்து பொத்தானை அழுத்தி, அவர் காதுக்குள் மெல்லிய சத்தங்களை அனுப்புவது. கேட்டால் கையைத் தூக்க வேண்டும். சிலர் கேட்காத சத்தத்துக்கும் தூக்குவார்கள். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்குக் கிடையாது. எதிரில் ஒருத்தி காத்திருக்கிறாளே, அவளை ஏன் காக்கவைக்க வேண்டும் என்று தோன்றிவிடும். அவர்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பொத்தானை அழுத்துவதுபோல் பாவனை செய்துவிட்டு எதையும் அனுப்பாமல் இருப்பேன். அப்போதும் கை மேலே போனால் தெரிந்துவிடும். உன் இஷ்டம் என்று இவன் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வந்தது. இவன் நிஜமாகவே கேட்டுவிட்டுக் கை தூக்குகிறானா, சும்மா தூக்குகிறானா? இவனை எந்த அறையில் உட்காரவைத்துச் சோதிப்பது?

அதற்குள் பல் டாக்டரின் ஜீப் புழுதியோடு வந்து நின்றது. அவர் எனக்கு அண்ணன் முறை. அதாவது, என் கணவனை மாப்ள என்று கூப்பிட்டுக் கலாய்க்க வேண்டும் என்பதற்காகவே என்னைத் தங்கச்சியாக்கிக்கொண்டவர். அவர் மனைவி வங்கி மேனேஜர். அந்தக் கணக்கில் எனக்கு அண்ணி.

"என்ன மாப்ள, என் தங்கச்சிய டயர் பக்கத்துல உக்கார வெச்சிருக்க?"

"அவளாத்தான் உக்காந்தா. அந்த டயர் பாடுதாம்."

"பாடும், பாடும். என் டயர் அழுவுது, அதைக் கேக்கத்தான் ஆளில்ல."

"அழறது டயர் இல்ல, நான்" என்றார் அண்ணி உள்ளேயிருந்து. "சனிக்கிழமையாவது தூங்கலாம்னா விடுறாரா இந்த மனுஷன்."

அண்ணி எத்தனையோ தடவை எங்களோடு வந்திருக்கிறார். ஒரு தடவைகூடப் பாறைக்கு முன்னால் கீழே இறங்கியதில்லை. மடியில் பிஸ்கட் டப்பாவோடு முன் சீட்டில் உட்கார்ந்திருப்பார். எது நடந்தாலும் உட்கார்ந்த இடத்தில் நடக்கட்டும் என்பது அவர் கட்சி. ஆகவே இரண்டு வண்டிக்கும் வழிகாட்டுவது நான்தான்.

பாறைப் பாதையில் ஓட்டுபவருக்குத் தன் சக்கரம் எந்தக் கல்மேல் இருக்கிறதென்று தெரியாது. ஒருவர் இறங்கி, முன்னால் நின்று, கை காட்ட வேண்டும். விரல்களை என் பக்கம் மடக்கினால் வா. உள்ளங்கையை ஒரு பக்கம் சாய்த்தால் சக்கரத்தை அந்தப் பக்கம் திருப்பு. முஷ்டி பிடித்தால் நில். டயருக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் போய்க் குந்திக்கொள்வேன். ரப்பர் கல்லைத் தொட்டு, நசுங்கி, ஒரு கணம் தயங்கி, பிறகு பற்றிக்கொள்வதைப் பார்க்க வேண்டும். வண்டிக்கு அடியில் தொங்கும் இரும்பு உருண்டை எதில் இடிக்கப்போகிறது என்று பார்க்க வேண்டும். கண் கீழேயே இருக்கும். கை தன்பாட்டுக்கு அசையும். எப்போதாவது நிமிர்ந்தால் பானெட்டும் கண்ணாடியில் மின்னும் வெயிலும்தான். ஓட்டுபவனின் முகத்தை நான் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம் இது. அவ்வளவு கனமான இரும்பு என் விரல் சொன்னபடி வந்தது எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. இந்த இரண்டு வாரமாகத்தான் வேறு மாதிரி தோன்றுகிறது. நான் தப்பாகக் காட்டினாலும் இவன் வந்துகொண்டுதான் இருப்பானா? கை காட்டினால் வருவதும், கேட்டால் உன் இஷ்டம் என்பதும் ஒரே குணத்தின் இரண்டு முகங்களா?

முதல் ஏற்றத்தில் அவன் சுலபமாக ஏறிவிட்டான். வழக்கம்போல ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவைத்திருந்தான். மேலே வந்து நின்றதும் இருமினான்.

"கண்ணாடிய ஏத்திக்கப்பான்னா கேக்க மாட்ட. ஏசி எதுக்கு இருக்கு?"

"காத்து வேணும்ல."

"புழுதிய சாப்பிட்டுட்டு காத்துங்கற."

அடுத்து டாக்டர். பாறை நடுவில் வண்டியை நிறுத்திவிட்டுக் கத்தினார். "தங்கச்சி, எங்கம்மா இருக்க? பூமிக்குள்ள போயிட்டியா?"

"இங்கதான்ணா இருக்கேன், கண்ணு முன்னாடி."

"ஒண்ணும் தெரியலியே."

"இவருக்கு வீட்டுல எதிர்ல இருக்குற உப்பு டப்பாவே தெரியாது" என்று அண்ணி சொன்னதும் எல்லோரும் சிரித்தோம். டாக்டர் எல்லாத் தடவையும் இப்படித்தான் கத்துவார். நானும் எழுந்து நின்று கையை ஆட்டிவிட்டு மறுபடி குந்திக்கொள்வேன்.

மதியம் ஒரு பெரிய பாறையின் நிழலில் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டோம். ஆண்கள் இருவரும் டாக்டரின் வண்டிக்கு அடியில் படுத்து, எதிலோ எது உரசுகிறது என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி முட்டையின் ஓட்டை ஒரே துண்டாக உரித்தபடி கேட்டார்.

"திங்கட்கிழமைதானே கடைசி? என்ன சொல்லப் போற?"

"தெரியல அண்ணி. அவன்கிட்ட கேட்டா உன் இஷ்டம்ங்கறான்."

"உங்க அண்ணன் அப்படி ஒரு வார்த்தை சொன்னா நான் அவர் வாயில சக்கரை போடுவேன். நான் என்ன கலர் புடவை கட்டணும்ங்கறதுக்குக்கூட அவருக்கு ஒரு கருத்து இருக்கு."

"எனக்கு அந்தக் கருத்துதான் வேணும்."

"எடுத்துக்க. வேணுங்கற மட்டும் எடுத்துக்க. இலவசம்."

நான் சிரித்தேன். ஆனால் கண் ஜீப்பின் மேலேயே இருந்தது. ஓட்டுநர் இருக்கை காலியாக, கதவு திறந்து கிடந்தது. ஊருக்குள் நான் தினமும் ஓட்டுகிற வண்டிதான் அது. பாறைமேல் மட்டும் ஒரு தடவையும் ஓட்டியதில்லை. அவன் அங்கே உட்கார்ந்துகொண்டு எதைப் பார்க்கிறான்? என் கையைப் பார்க்கும்போது அவனுக்குள் என்ன ஓடுகிறது? ஒன்றும் ஓடவில்லையா? இத்தனை நாள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறேன் என்பது எனக்கே விசித்திரமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்குள் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்துவிடுகிறோம். பாறைமேல் அந்த இருக்கையில் நான் உட்கார்ந்து பார்த்ததில்லை.

மிச்சமிருந்தது மாடிப்படி. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பாறைத் திட்டுகள். நாங்கள் வைத்த பெயர் அது. அதன் அடியில் வந்து நின்றபோது கேட்டேன்.

"நான் ஓட்டட்டுமா?"

அவன் பாறையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இதையா?"

"இதைத்தான்."

"கீழ சின்னதா ஒண்ணு இருக்கே, அதுல வேணா…"

"இதைத்தான்ப்பா."

உன் இஷ்டம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வாய் அதற்குத் தயாரானதுபோல் அசைந்து, பிறகு மூடிக்கொண்டது. "சரி, ஏறு" என்றான். "சின்ன கியர்ல போட்டுட்டு கிளட்ச்ச விட்டுடு. வண்டி தானா ஏறும். நீ அவசரப்படாம இருந்தா போதும். பதட்டமா இருந்தா பிரேக்."

இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டேன். அவன் இறங்கி நின்று, "நான் எங்க நிக்கட்டும்?" என்றான்.

"நான் நிக்கிற எடத்துல."

"அங்கயேவா?"

"அங்கயேதான். குந்திக்கோ, நான் குந்துற மாதிரி."

அவன் தலையைச் சொறிந்துகொண்டான். பிறகு போய் இரண்டாவது திட்டுக்கு அருகில் குந்தினான். நீளமான ஆள், முழங்கால் மடங்கி, வெட்டுக்கிளிபோல் இருந்தான். பின்னால் டாக்டர் தன் வண்டியின் பானெட்மேல் ஏறி உட்கார்ந்து விசில் அடித்தார்.

முதல் திட்டில் எல்லாம் தெரிந்தது. அவன் விரல்கள் மடங்கின. வண்டி ஒரு யானையின் நிதானத்தோடு முன்காலை எடுத்து வைத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கா இவ்வளவு நாள் இறங்கி நின்றேன் என்று நினைத்தேன். இரண்டாவது திட்டைச் சக்கரம் தொட்டதும் வண்டியின் மூக்கு மேலே கிளம்பியது. முதலில் அவன் முழங்கால் மறைந்தது. பிறகு மார்பு, முகம். கடைசியாக இரண்டு விரல் நுனி பானெட்டின் விளிம்பில் செடிபோல் ஆடிக்கொண்டிருந்தது. அதுவும் போனது. எனக்கு முன்னால் பச்சை பானெட்டும் வானமும் மட்டும் இருந்தன. வானத்தில் ஒரு பருந்து.

இரண்டு காலாலும் மிதித்து வண்டியை நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

"எங்க இருக்க?"

"இங்கதான்." குரல் பானெட்டுக்குக் கீழேயிருந்து வந்தது.

"கைய காட்டு."

"காட்டிட்டுத்தான் இருக்கேன்."

நான் பருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வட்டம் போட்டு முடிக்கிறவரை எனக்கு வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

"தங்கச்சி" என்று பின்னாலிருந்து டாக்டர் கூப்பிட்டார். "பூமிக்குள்ள போயிட்டியான்னு அண்ணன் எத்தன தடவ கத்திருப்பேன்? இப்ப தெரியுதா?"

"நீங்க உப்பு டப்பாவுக்கும்தான் கத்துவீங்க" என்றது அண்ணியின் குரல். "நாங்க எப்படி நம்புறது?"

அவன் எழுந்து, பாறையைப் பிடித்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தான். வண்டி சாய்ந்திருந்ததால் அவன் முகம் எனக்கு நேர் எதிரே, ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

"நான் காட்டுறது உனக்குத் தெரியாதா?"

"கீழ இருக்கும்போது தெரியும். மூக்கு தூக்கிட்டா தெரியாது."

"எப்பலேர்ந்து?"

"மொதல் தடவயிலேர்ந்து."

"அப்ப எப்படி ஏறின?"

அவன் ஜன்னல் விளிம்பிலிருந்த புழுதியை விரலால் துடைத்தான். "நீதான் பேசுவியே."

"நானா? நான் வாயவே தெறக்க மாட்டேனே."

"முணுமுணுப்ப. வா வா, அந்தக் கல்லு வேணாம், ஐயோ உருண்டை இடிக்குது, கொஞ்சம் இந்தப் பக்கம், வாடா செல்லம்னு. என்கிட்ட இல்ல, வண்டிகிட்ட. அதக் கேட்டுத்தான் ஓட்டுவேன்."

நாள் முழுக்க அடுத்தவர் காதைச் சோதிக்கிறவள் நான். என் வாய் ஒரு நாளும் எனக்குக் கேட்டதில்லை.

"அதுக்குத்தான் கண்ணாடிய எறக்கி வெக்கிறியா?"

"ம்."

"புழுதிய சாப்பிட்டுட்டு."

"லிப்ட் குழிக்குள்ள நின்னா மேல இருக்குறவன் தெரியவா செய்வான்? குரல்தான். பழகிடுச்சு."

"சொல்லியிருந்தா தள்ளி நின்னிருப்பேனே."

"தள்ளி நின்னா கை தெரியும். குரல் கேக்காது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "உன் கை எப்பவும் வா வான்னுதான் சொல்லும்மா. பயந்தா வாய்தான் சொல்லும்."

கால் பிரேக்கை விட்டு நகரவில்லை. பின்னால் டாக்டரின் வண்டி காத்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்த இடத்தைவிட்டு ஏறிப்போக எனக்கு விருப்பமில்லை. அவன் மனசுக்குள் போக இன்னொரு கதவும் இங்கேதான் இருக்கிறது என்று தோன்றியது.

"வீட்டுலயும் முணுமுணுக்கிறேனா?"

"குளிக்கும்போது."

"என்ன?"

"அந்த ஆஸ்பத்திரியில மெஷின எந்தச் சுவர்ல வெக்கிறதுன்னு. கதவு ரோட்டப் பாத்து இருந்தா வண்டிச் சத்தம் வரும்னு நேத்து யாரோடயோ சண்டையே போட்ட. நான் வெளிய துண்ட வெச்சுட்டு நின்னுட்டிருந்தேன்."

என் முகம் சூடாகியது. எனக்கே தெரியாமல் நான் எடுத்திருந்த முடிவு அவனுக்குக் குளியலறைக் கதவு வழியாகத் தினமும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"அதனாலதான் உன் இஷ்டம்னியா?"

"உன் இஷ்டம் என்னன்னு எனக்குத் தெரியுமே."

"உன் இஷ்டம் என்ன?"

"மொதல்ல வண்டிய ஏத்து. சூடாகுது."

"ஏத்த மாட்டேன். சொல்லு."

அவன் பாறையைப் பார்த்தான். டாக்டரைப் பார்த்தான். தப்பிக்க இடமில்லை என்பதுபோல் மறுபடி என்னைப் பார்த்தான்.

"எனக்குப் பிடிக்கல" என்றான். "நீ போறது கொஞ்சம்கூடப் பிடிக்கல. வீட்டுக்கு வந்தா டிவிதான் பேசும்னு நெனச்சா இப்பவே ஒரு மாதிரி இருக்கு. ஆனா அத சொன்னா நீ நின்னுடுவ. நின்னுட்டு, குளிக்கும்போது ஒண்ணும் பேசாம குளிச்சுட்டு வருவ. அதுக்கு இது பரவாயில்ல."

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. பேசி முடித்ததும் மூச்சு வாங்கினான், பாறையை அவனே ஏறியதுபோல. எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது பசி தீர்ந்தது போன்ற ஒரு உணர்வு. பிடிக்கவில்லை என்ற சொல் இவ்வளவு நிறைவாக இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

"மாப்ள" என்று டாக்டர் குரல் கொடுத்தார். "குடும்பப் பஞ்சாயத்த மேல போய் வெச்சுக்கக் கூடாதா? எனக்குப் பின்னாடி சுடுது."

"சும்மா இருங்க" என்று அண்ணி அதட்டினார். "நல்ல எடத்துல நிறுத்துறீங்களே."

"மேல போ" என்று அவனிடம் சொன்னேன். "எனக்குத் தெரியுற மாதிரி நில்லு."

அவன் மூன்றாவது திட்டையும் தாண்டி ஏறிப்போய் நின்றான். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினான். இப்போது அவன் முழுதாகத் தெரிந்தான். தலையிலிருந்து செருப்புவரை, வானத்துக்கு முன்னால், சின்னதாக. வாய் அசைந்தது. எதுவும் கேட்கவில்லை. கை சொல்வதை மட்டும் நம்பியாக வேண்டும். ஹேண்ட் பிரேக்கை விடுவித்தேன். பின் சக்கரம் ஒரு கல்லை உதறித் தள்ளிச் சுழன்றது, அவன் முஷ்டி பிடித்தான், நிறுத்தினேன். உள்ளங்கை வலது பக்கம் சாய்ந்தது. எனக்கு அது தப்பென்று பட்டது. வலது பக்கம் பள்ளம் இருந்த ஞாபகம். ஆனால் திருப்பினேன். டயர் எதையோ தேடி, தயங்கி, பற்றிக்கொண்டது. குந்திப் பார்க்கும்போது கண்ணால் கண்ட அந்தத் தயக்கம், இப்போது இருக்கை வழியாக என் முதுகில் ஏறியது. அடுத்த நிமிஷம் வானம் கீழே இறங்கி, அதன் இடத்தில் அவன் நின்றான்.

இறங்கினேன். கதவைச் சாத்திவிட்டு அவனிடம் போனேன்.

"போறேன்" என்றேன்.

"தெரியும்."

"உனக்குப் பிடிக்கலன்னும் தெரியும்."

"ம்." அவன் தரையில் கிடந்த கல்லைச் செருப்பால் புரட்டினான். "வெள்ளிக்கிழம பஸ் இருக்கான்னு பாத்தேன்."

"எப்ப பாத்த?"

"போன வாரம்."

"இருக்கா?"

"இருக்கு. படுத்துட்டு வர முடியாது. உக்காந்துதான் வரணும்."

"நான் உக்காந்தே தூங்குவேன்."

"ஆமா, அப்பவும் பேசுவ."

கீழே டாக்டர் தன் வண்டியைக் கிளப்பிவிட்டார். நான் வழக்கமான இடத்துக்குப் போகவில்லை. மேலேயே, அவன் நின்ற இடத்தில் நின்று கைகளைத் தலைக்கு மேல் தூக்கினேன். அங்கிருந்து கண்ணாடிக்குள் அவர்கள் இருவரையும் பார்க்க முடிந்தது. டாக்டர் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, பரீட்சை எழுதும் பையன்போல இருந்தார். அண்ணி கண்களை இறுக மூடி, பிஸ்கட் டப்பாவை இரண்டு கையாலும் மார்போடு அணைத்திருந்தார். கிண்டல் பேசுகிற அந்த வாய் எதையோ வேண்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் இப்படித்தான் ஏறி வந்திருக்க வேண்டும்.

விரல்களை மடக்கினேன். வண்டி நகர்ந்தது. அப்போது பக்கத்தில் யாரோ மெதுவாகப் பேசுவது கேட்டது. "வா… வா… பயப்படாத… அது ஒண்ணும் பண்ணாது… வா…" காய்ச்சல்காரக் குழந்தையிடம் பேசும் குரல். அது யார் குரல் என்று திரும்பிப் பார்க்க இருந்தேன்; அசைந்துகொண்டிருந்தது என் வாய்தான்.

டாக்டருக்கு அது கேட்டிருக்காது. அருகில் நின்றவனுக்குக் கேட்டது. அவன் என் பக்கம் திரும்பாமல், வண்டியின் டயரையே பார்த்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் எடது" என்று முணுமுணுத்தான்.

என் கை இடது பக்கம் சாய்ந்தது.